அடுப்பில் தீ இறங்கினால் அழுத்தம் எங்கே விழுந்தது என்று தேடுங்கள்

“சிலிண்டர் முந்தாநாள்தான் மாட்டுனோம் அண்ணாச்சி, அதுக்குள்ள தீயே வரமாட்டேங்கு. கேஸைக் குறைச்சுப் போட்டு அனுப்பிட்டானுவ போல.”

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன், பேட்டை, மேலப்பாளையம் என்று அடுப்பு சர்வீஸுக்கு அலைகிற எனக்கு இந்தப் பேச்சு காதில் விழாத வாரம் கிடையாது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சிலிண்டர் கனமாகத்தான் இருக்கும். கேஸ் உள்ளே இருப்பது வேறு, அது வெளியே வந்து எரிவது வேறு. உள்ளே எவ்வளவு கிடந்தாலும் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அழுத்தத்தில் வித்தியாசம் இருந்தால்தான் அது நகரும். அந்த வித்தியாசம் வழியில் எங்கோ விழுந்துவிட்டால் தீ இறங்கும், இருக்க வேண்டியதற்கு மேல் ஏறிவிட்டால் தீ சீறும். அதனால் சிலிண்டரைத் திட்டுவதற்கு முன்னால் அழுத்தம் எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைத்தான் கோளாறு கோளாறாக இங்கே எழுதுகிறேன்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை அணையை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். பேப்பரைப் பிரித்ததும் பாபநாசம் இன்று எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்க்கிற ஊர் இது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. சுமார் 33 அடித் தண்ணீர் நின்றால் அடியில் 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. நம் ஊர் வெயிலில் ஒரு சமையல் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைவிட 5 பார் அளவில் கூடுதல் அழுத்தம் இருக்கும், கலவையைப் பொறுத்து ஏறும் இறங்கும். அதாவது பாபநாசம் நிரம்பி நிற்கும்போது அடிமட்டத்தில் இருக்கும் அழுத்தத்தைவிடவும் அதிகம் உங்கள் சமையலறை மூலையில் நிற்கிறது. அடுப்புக்கு வேண்டியதோ 30 மில்லிபார்தான், தண்ணீர்க் கணக்கில் சரியாக ஓர் அடி. 150 அடிக்கு மேல் நிற்பதை ஓர் அடியாக அடக்கி வாய்க்காலில் விடும் மடைதான் ரெகுலேட்டர். மடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் மடையை எவ்வளவு திறந்தாலும் ஒரு சொட்டும் ஓடாது, கேஸும் அப்படியே.

இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சுகிற பித்தளை முனைதான் ஜெட், அதன் துவாரத்தின் வழியே போகும் கேஸின் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓர் அடி அழுத்தம் அரை அடியாகக் குறைந்தாலும் நூற்றுக்கு எழுபது பங்கு கேஸ் வந்துகொண்டுதான் இருக்கும், பல பேருக்கு வித்தியாசமே தெரியாது. தீ பாதியாகிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அழுத்தம் கால்வாசிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே கண்ணுக்குத் தெரியும்படி தீ இறங்கியிருந்தால் கோளாறு சின்னது இல்லை, தேடினால் கிடைக்கும்.

வாடை வருகிறது

மற்ற எதையும் பார்க்கும் முன்னால் இது. எரியும் எல்லாவற்றையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்து வாசல்படிக்குள்ளேயே தேங்கும். அதனால் தரைமட்டம் வரை திறக்கிற கதவுதான் முக்கியம், மேலே உள்ள வெண்டிலேட்டரை நம்பாதீர்கள். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை நிற்கவில்லை என்றால் வீட்டைவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள், கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது.

கசிவு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். ரெகுலேட்டருக்கு அப்புறம் உள்ள டியூபில் கசிந்தால் அதைத் தள்ளுவது ஓர் அடித் தண்ணீரின் அழுத்தம். ரெகுலேட்டருக்கு முன்னால், அதாவது சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷரில் கசிந்தால் அதைத் தள்ளுவது 5 பார். நூற்றைம்பது மடங்குக்கு மேல். ஒரே அளவு ஓட்டையாக இருந்தாலும் அங்கே வெளியேறும் கேஸ் பத்து மடங்குக்கும் அதிகம். இவ்வளவு முக்கியமான அந்த வாஷரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. புது சிலிண்டர் வந்ததும் மூடியைக் கழற்றி, டெலிவரிக்கு வந்த தம்பியை நிற்க வைத்தே உள்ளே வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரை மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் பழக்கம் உள்ளவர்களை இன்றும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

எல்லா பர்னரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது

இங்கே ஒரு சோதனை போதும். ஒரு பர்னரை மட்டும் முழுசாகத் திறந்து தீயின் உயரத்தைப் பாருங்கள். அப்புறம் இரண்டாவதையும் முழுசாகத் திறங்கள். முதல் தீ லேசாக அசைந்து அதே அளவில் நின்றால் ரெகுலேட்டர், டியூப் இரண்டும் நல்லபடி இருக்கின்றன. இரண்டாவதைத் திறந்ததும் முதல் தீ பொத்தென்று விழுந்தால் அடைப்பு இரண்டு பர்னருக்கும் பொதுவான வழியில் இருக்கிறது. ஏனென்றால் அடைப்பு என்பது கேஸ் ஓடும்போது மட்டும்தான் அழுத்தத்தைத் தின்னும். ஓட்டம் இல்லாமல் நிற்கும்போது அடைப்புக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும், எந்தக் குறையும் தெரியாது. ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அங்கே விழும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

பொதுவான வழியில் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் வாய். கோலி சோடா குடித்தவர்களுக்கு இந்த வால்வு நன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் அழுத்தம் கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் ஒட்டிப் பிடித்திருக்கும், கட்டை விரலால் அமுக்கினால்தான் இறங்கி வழிவிடும். சிலிண்டர் வால்வும் அதே மாதிரிதான், உள்ளே இருக்கும் ஊசியை ஒரு ஸ்பிரிங்கும் கேஸ் அழுத்தமும் சேர்ந்து மேலே தள்ளி மூடி வைத்திருக்கின்றன. ரெகுலேட்டரைச் சரியாக உட்கார வைத்து நாபைத் திருப்பும்போது அதன் கீழே உள்ள தண்டு இறங்கி ஊசியை அமுக்குகிறது. ரெகுலேட்டர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலோ, தண்டு தேய்ந்திருந்தாலோ ஊசி அரைகுறையாக இறங்கும். புது சிலிண்டர் மாட்டிய அன்றே தீ மங்கினால் பத்துக்கு ஏழு தடவை இதுதான் காரணம் என்பது என் அனுபவம். கழற்றி, நேராக வைத்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அமுக்கி மறுபடி மாட்டுங்கள். அதே ரெகுலேட்டர் பழைய சிலிண்டரில் நன்றாக எரிந்து புதியதில் மட்டும் மங்கினால் சிலிண்டர் வால்வில் கோளாறு, ஏஜென்சியில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது டியூப். அடுப்பை நகர்த்தித் துடைக்கும்போது டியூப் அடுப்புக்கால் அடியில் மாட்டி நசுங்கியிருக்கும், மேடையின் ஓட்டை வழியே கீழே போகும் இடத்தில் மடங்கியிருக்கும். விரலால் தடவிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். எலி கடித்த தடம் இருந்தாலோ, மேலே அச்சிட்ட தேதியிலிருந்து 5 வருஷம் தாண்டியிருந்தாலோ தடவிப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் கடைசியாக ரெகுலேட்டர். என் பையில் ஒரு முழம் பலகையும் அதில் ‘யு’ வடிவத்தில் ஆணியடித்த கண்ணாடி மாதிரியான டியூபும் உண்டு. பாதி அளவுக்கு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றியிருப்பேன். ஒரு முனையை அடுப்பின் வாயில் இணைத்து மறுமுனையைத் திறந்து விட்டால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும், இரண்டு மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். எல்லாம் மூடியிருக்கும்போது 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், ஒரு பர்னரைத் திறந்தால் லேசாக இறங்கும், இரண்டாவதையும் திறந்தால் இன்னும் ஒரு விரல்கடை இறங்கி நிற்கும். அது நல்ல ரெகுலேட்டர். மூடியிருக்கும்போது 30-ஐக் காட்டிவிட்டு திறந்ததும் 8-க்கும் 7-க்கும் சரிந்தால் அது அடைபட்ட ரெகுலேட்டர். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். எல்லாவற்றையும் மூடிய பிறகும் தண்ணீர் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். உள்ளே அடைக்கும் ரப்பர் முகம் தேய்ந்து மடை ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த ரெகுலேட்டரை அன்றைக்கே கழற்றி ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும், பிரித்து ஒட்டுப்போடக் கூடாது.

ஒரு பர்னர் மட்டும் மங்கல்

இது எளிது. பொதுவழி சரியாக இருக்கிறது, அந்த பர்னரின் ஜெட்டோ தலையோ அடைந்திருக்கிறது. பால் பொங்கி வழிந்தது, கஞ்சி வழிந்தது, சிலந்தி வலை, அவ்வளவுதான். பர்னர் தலையை எடுத்து ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஜெட்டை மட்டும் பார்த்துத் தொடுங்கள். அதற்கென்று உள்ள பின்னைத் தவிர ஊக்கு, துணி தைக்கும் ஊசி, கம்பி எதையும் விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மெதுவானது. துவாரத்தின் விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தால் பரப்பு நூற்றுக்கு 21 கூடும், அழுத்தம் மாறாமலே அவ்வளவு கேஸ் கூடுதலாகப் போகும். அப்புறம் தீ மஞ்சளாகிறது, கேஸ் சீக்கிரம் தீர்கிறது என்று இன்னொரு கோளாறைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தீ மஞ்சள், பாத்திரம் கரி

ஜெட்டிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ் தன்னைச் சுற்றி அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அந்தக் குறைவுக்குள் வெளிக்காற்று தானாக வந்து கலக்கும். ஃபேன் இல்லை, பம்பு இல்லை, இதுவும் அழுத்த வித்தியாசம் செய்கிற வேலைதான். காற்று நுழையும் வாயை எதுவாவது மறைத்தால் தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும். வயல் ஓரத்து வீடுகளில் நான் அடிக்கடி காண்பது குளவிக்கூடு. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தால் மஞ்சளாக எரிகிறது என்று சேரன்மகாதேவி பக்கம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அடுப்பைத் திருப்பிப் பார்த்தால் கலவைக் குழாயின் வாய்க்குள் மண் உருண்டை, பத்திரமாக உள்ளே ஒரு புழு. தட்டி எடுத்ததும் தீ நீலமாகிவிட்டது. சிலிண்டரை மாற்ற வேண்டும் என்று அதற்குள் இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

தீ சீறுகிறது, பர்னரைவிட்டு எகிறி நிற்கிறது

அழுத்தம் கூடிவிட்டது. உடனே அணைத்து சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். காரணம் இரண்டில் ஒன்று. கடையில் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டியிருப்பார்கள், நாலு பேருக்கு விருந்து என்றால் தீ வேகமாக வரட்டும் என்று யாராவது கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பதுண்டு. வீட்டு அடுப்பின் நாபும் டியூபும் ஓர் அடித் தண்ணீர் அழுத்தத்துக்குச் செய்தவை, அந்த ரெகுலேட்டரோ பார் கணக்கில் விடும். இன்னொரு காரணம், இருக்கிற ரெகுலேட்டரே கெட்டுப்போவது. அதன் உள்ளே ஒரு ரப்பர்த் திரை, அதன் மேல் ஒரு ஸ்பிரிங். திரைக்குக் கீழே கேஸ், மேலே வெளிக்காற்று. கேஸ் அழுத்தம் கூடினால் திரை மேலே போய் வழியை மூடும், குறைந்தால் ஸ்பிரிங் கீழே தள்ளி வழியைத் திறக்கும், நாள் முழுக்க இந்த ஏற்ற இறக்கம்தான். மேலே வெளிக்காற்று போய்வர மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோ பெயிண்ட்டோ அதை அடைத்தால் திரை தன் இஷ்டத்துக்கு அசைய முடியாது, தீ ஏறியும் இறங்கியும் ஆடும். வெள்ளை அடிக்கும் வீட்டில் ரெகுலேட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டில், புரோட்டாக் கடையில்: நன்றாக எரிந்துகொண்டிருந்தது, ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டது

இதுதான் எனக்கு வரும் போன்களிலேயே பதற்றமான போன். கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு கல்யாணம், மறுநாள் சொதிச் சாப்பாடு, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் நம் ஊர்க் குழம்பு. விடியற்காலை நாலு மணிக்குச் சமையல் மாஸ்டர் கூப்பிட்டார். சோறு வைத்த பெரிய அடுப்பு படுத்துவிட்டது, பக்கத்து அடுப்பில் சொதிக்குக் காய்கறி பாதி வெந்து நிற்கிறது, தேங்காய்ப்பால் பிழிந்து தயாராக இருக்கிறது, சிலிண்டரை அசைத்தால் உள்ளே தளும்புகிறது, தீ மட்டும் இல்லை. போய்ப் பார்த்தால் நீலச் சிலிண்டரின் வெளிப்பக்கம் கீழிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. அந்த வெள்ளைக்கு மேலே உடம்பு வெறும் ஈரம், அதற்கும் மேலே காய்ந்த இரும்பு.

என்ன நடந்தது என்றால், சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி மேலே நிறைவதால்தான் அழுத்தமே உண்டாகிறது. நம் மாவட்டத்தில் பணகுடி பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற எஞ்சின்களில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலைக்கு பம்பு கிடையாது, தனியாக அடைத்த ஹீலியம்தான் எரிபொருளைத் தள்ளும். சமையல் சிலிண்டருக்கு அந்த மாதிரி தள்ளுகிற ஆள் வேறு யாரும் இல்லை, தன்னைத் தானே தள்ளிக்கொள்கிறது. அதற்கு விலை வெப்பம். ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதை முதலில் தன்னிடமிருந்தும் சுற்றியுள்ள இரும்பிலிருந்தும்தான் எடுக்கும். 8 கிலோ மிச்சம் உள்ள ஒரு சிலிண்டரில் வெளியிலிருந்து வெப்பம் வராமல் ஒரு கிலோவை உறிஞ்சினால், இரும்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 12 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துபோகும். 3 கிலோதான் மிச்சம் என்றால் 20 டிகிரிக்கு மேல் இறங்கும். அதனால்தான் சிலிண்டர் காலியாக ஆக இந்தக் கோளாறு வேகம் பிடிக்கிறது. வீட்டு அடுப்பில் இரண்டு பர்னரையும் முழுசாகத் திறந்தாலும் மணிக்கு அரைக் கிலோ ஆகாது, சுற்றியுள்ள காற்றே வெப்பத்தைக் கொடுத்துச் சரிக்கட்டிவிடும். கல்யாண அடுப்பு அதைப்போலப் பல மடங்கு குடிக்கும், காற்றால் ஈடுகொடுக்க முடியாது.

குளிர்ந்தால் அழுத்தம் விழும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிப்பது, பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில். ஆவியாக எடுக்க எடுக்க புரொப்பேன்தான் அதிகமாகக் கிளம்பிப் போகும், அடியில் பியூட்டேன் கூடிக்கொண்டே வரும். 0 டிகிரிக்கு வந்த பியூட்டேனின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மடைக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டம். உள்ளே 5 கிலோ கிடந்தாலும் நகராது.

சரி, என்ன செய்வது? வெந்நீர் ஊற்றக் கூடாது, பக்கத்தில் கங்கு போடக் கூடாது, வெந்நீர் அண்டாவில் இறக்கவும் கூடாது. அவசரத்தில் எல்லாரும் செய்யத் துடிப்பது இதைத்தான். வெப்பம் ஏறினால் அழுத்தம் எந்த வேகத்தில் ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. புரொப்பேனை மட்டும் எடுத்துக்கொண்டால் 30 டிகிரியில் 11 பார் அளவில் இருப்பது 50 டிகிரியில் 17 பாரைத் தொடும். சிலிண்டரைப் படுக்க வைப்பதும் கூடாது. படுத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் கேஸாக விரியும், அடுப்பிலிருந்து ஆள் உயரத்துக்குத் தீ வரும்.

நான் அன்றைக்குச் செய்தது இதுதான். உறைந்த சிலிண்டரை மூடி, நல்ல காற்றோட்டத்தில் தனியே நிறுத்திவிட்டு வேறு சிலிண்டரை மாட்டினோம். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது வெள்ளை கரைந்து ஊரின் சூட்டுக்கு வந்திருந்தது, அதே சிலிண்டர் சொதிக்குப் பால் ஊற்றிய சின்ன அடுப்பில் மத்தியானம் வரைக்கும் எரிந்தது. தேங்காய்ப்பாலுக்கு எப்படியும் இளந்தீதானே வேண்டும்.

முன்கூட்டியே திட்டம் போட முடிந்தால் பெரிய அடுப்புக்கு இரண்டு மூன்று சிலிண்டர்களைச் சேர்த்து ஒரே குழாயில் இணையுங்கள். ஒவ்வொன்றும் கொடுக்க வேண்டிய கேஸ் குறையும், வெப்பம் வாங்கும் இரும்பின் பரப்பு கூடும். இதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் நின்றால் வெயிலில் நிற்பதன் அழுத்தம் கூடுதல், அதன் கேஸ் அடுப்புக்குப் போவதோடு நிற்காமல் நிழலில் உள்ள சிலிண்டருக்குள்ளும் போய்த் திரவமாகிவிடும். நிறைந்த சிலிண்டர் இன்னும் நிறைவது நல்லதல்ல. ஒருவழி வால்வு உள்ள இணைப்புக் குழாயைத்தான் கேட்டு வாங்க வேண்டும், எல்லாச் சிலிண்டரும் ஒரே நிழலில் நிற்க வேண்டும்.

தீ துடிக்கிறது

நிமிஷத்துக்குப் பல தடவை ஏறி இறங்கினால் குழாயில் ஏதோ தேங்கியிருக்கிறது. ஹோட்டல்களில் சுவரோரமாகப் போகும் நீளக் குழாயின் தாழ்ந்த வளைவில் கேஸோடு வந்த எண்ணெய்க் கசடு சேரும். கேஸ் அதைத் தள்ளிக்கொண்டு குமிழி குமிழியாக வரும். தாழ்வான இடத்தில் வடிகுழாய் வைத்து அவ்வப்போது வடிக்க வேண்டும், அதைத் தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும்.

மலைமேல், மார்கழி காலையில் மட்டும் மங்கல்

மாஞ்சோலைக்கு மேலே ஊத்து எஸ்டேட்டில் முன்பு ஒரு டீக்கடை அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன். மத்தியானம் நன்றாக எரியும், விடிகாலையில் பாய்லர் சூடாகவே மாட்டேன் என்கிறது என்றார் கடைக்காரர். அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. ராத்திரிக் குளிரில் சிலிண்டர் முழுக்கக் குளிர்ந்திருந்தது, பாதிக்கு மேல் காலியும்கூட. வீட்டு ரெகுலேட்டருக்கு ஓர் அடித் தண்ணீர் அழுத்தம் வந்தால் போதும் என்பதால் அது இந்தக் குளிரில் தாக்குப்பிடித்துவிடும். கடை அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டருக்குப் பின்னால் நல்ல அழுத்தம் நின்றாக வேண்டும். காலையில் நிறைந்த சிலிண்டரை எரித்து, பாதி ஆனதை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அதற்கு மேல் ஒரு செலவும் ஆகவில்லை.

கேஸ் இருக்கா, தீர்ந்துபோச்சா?

2021-இல் வீட்டுக்கு வீடு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தபோது பல பேர் மீட்டர் பார்க்கப் பழகினார்கள். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் 150 பார் காட்டும், 75 காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது. அதே பழக்கத்தில் சமையல் சிலிண்டருக்கும் மீட்டர் வாங்கி மாட்டுகிறார்கள், அது இங்கே செல்லாது. ஆக்சிஜன் உள்ளே வாயுவாகவே இருக்கிறது, எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும், அணை வற்றுகிற மாதிரி. சமையல் கேஸ் திரவமாக இருக்கிறது, கடைசிக் கிலோ வரைக்கும் அழுத்தத்தைச் சூடும் கலவையும்தான் தீர்மானிக்கின்றன. மத்தியான வெயிலில் ‘நிறைய இருக்கு’ என்று முள் காட்டும், விடிகாலையில் ‘குறைச்சல்’ என்று காட்டும், உள்ளே இருப்பது மாறியிருக்காது.

நம்பகமானது தராசு. சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையில் வெறும் எடை எழுதியிருக்கும். வீட்டுச் சிலிண்டர் என்றால் அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறைந்த எடை. வந்த அன்றைக்கே தூக்கி நிறுத்துப் பார்த்தால் குறைச்சுப் போட்டார்களா என்ற சந்தேகமும் தீரும்.

தராசு இல்லையென்றால் ஈரத்துணி. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து சிலிண்டரின் உடம்பில் மேலிருந்து கீழே ஒரு பட்டையாக இழுங்கள். ஒரு நிமிஷம் காத்திருங்கள். ஆவி மட்டும் இருக்கும் மேல்பாகத்தில் இரும்பு சீக்கிரம் சூடாகி ஈரம் காய்ந்துவிடும். திரவம் நிற்கும் கீழ்பாகத்தில் அது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் ஈரம் கொஞ்ச நேரம் அப்படியே மினுங்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை தெரியும், அதுதான் உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கோடு தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த சிலிண்டருக்குப் பதிந்துவிடுங்கள்.